கேள்வி-பதில்: பத்தாயிரம் கேம் ஸ்டிக்கும் நடுவுல மைனஸ் அடாப்டரும்

பழைய டிவி கேம் பத்தி கேள்விங்க குவிஞ்சு கிடக்கு, அதுல பாதி வாங்குறதுக்கு முன்னாடி கேட்டது, பாதி வாங்கி மாட்டிக்கிட்டு கேட்டது. ரெண்டையும் கலந்தே போடுறேன்.

கேள்வி: வயசு 38. சின்ன வயசுல ஆடின காண்ட்ரா, மரியோ, டேங்க் கேம் எல்லாம் திரும்ப ஆடணும்னு ஆசை. ஆன்லைன்ல 400 கேம் இருக்குற கையடக்க பெட்டி ஒண்ணு, டிவில சொருகுற 10,000 கேம் ஸ்டிக் ஒண்ணு பாத்தேன். எதை வாங்கலாம்? (சேலம்)

மொதல்ல அந்த நம்பரை மறந்துடுங்க சார். நம்ம காலத்து மஞ்சக் கேசட் ஞாபகம் இருக்குல்ல, மேல 9999 இன் 1 னு போட்டிருப்பான், மெனுவை பக்கம் பக்கமா தள்ளிட்டே போனா கடைசில நாலஞ்சு கேம்தான் தேறும், அதே மரியோவ ரெண்டாவது லெவல்ல இருந்து ஒண்ணு, மூணாவது லெவல்ல இருந்து ஒண்ணுன்னு பேர மாத்தி மாத்தி வெச்சிருப்பான். அப்படி ஒரு கேசட்டை நான் பிரிச்சு பாத்திருக்கேன், போர்டு நடுவுல தார் ஊத்தின மாதிரி கறுப்பா ஒரு பொட்டு, அவ்ளோதான் மொத்த சரக்கும்.

10,000 ஸ்டிக்கும் அந்த கேசட்டோட பேரன்தான். ஒரே கேமை அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பான்னு மூணு தடவை எண்ணிடுவான். காண்ட்ராவையே எடுத்துக்கோங்க, ஐரோப்பால அது புரோபோடெக்டர்னு வேற பேர்ல வந்துச்சு, அதுல நம்ம சட்டை போடாத அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் பதிலா ரெண்டு ரோபோ ஓடும். லிஸ்ட்ல அது தனி கேம். நீங்க ஆடப்போறது பத்து கேம், அந்த பத்து ரெண்டு பெட்டிலயும் இருக்கான்னு மட்டும் பாருங்க.

என்னைக் கேட்டா ஸ்டிக். காண்ட்ராவ தனியா ஆடி என்ன சுகம், பக்கத்துல தம்பியோ மச்சானோ இருந்து நம்ம உயிரை திருடணும். கையடக்க பெட்டி பஸ்ல போக வர ஆட சரி, அதுல பெரும்பாலும் பிஎல்-5சி பேட்டரிதான், நோக்கியா 1100ல போட்டோமே அதே பேட்டரி, போயிடுச்சுன்னா மொபைல் கடைல புதுசு வாங்கி நீங்களே மாத்திக்கலாம், அந்த விஷயத்துல அது நல்ல டிசைன்.

ஸ்டிக் வாங்கினா ரெண்டு வேலை உடனே பண்ணுங்க. கூட வர்ற மெமரி கார்டு மட்டமான கார்டு, அது சாகுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல போட்டு முழு கார்டையும் இமேஜா (அச்சு அசல் காப்பியா) எடுத்து நல்ல கார்டுக்கு மாத்திடுங்க. அப்புறம் டிவியோட யூஎஸ்பில பவர் எடுக்காதீங்க, பழைய டிவி யூஎஸ்பி 500 மில்லி ஆம்பியர்தான் குடுக்கும், பாதி கேம்ல ஹேங் ஆகும், நீங்க ஸ்டிக் கெட்டுப்போச்சுன்னு நினைப்பீங்க. சாதா போன் சார்ஜர் போதும். டிவி செட்டிங்ல கேம் மோட் ஆன் பண்ண மறக்காதீங்க, இல்லன்னா நீங்க அழுத்தி கொஞ்ச நேரம் கழிச்சுதான் மரியோ குதிப்பாரு, அதுக்குள்ள குழில இருப்பாரு.

இந்த ஸ்டிக்ல இருக்குற கேம் எதுவும் லைசென்ஸ் வாங்கி போட்டது இல்ல, அதையும் தெரிஞ்சுக்கோங்க. வீட்ல பிஎஸ்4 இருந்தா காண்ட்ராவ செஞ்ச கொனாமி கம்பெனியே 2019ல காண்ட்ரா பழைய கேம்கள சேத்து ஒரு தொகுப்பா விட்டிருக்கான், ஆஃபர்ல வரும்போது அதை வாங்கிட்டா காண்ட்ராவுக்காக ஸ்டிக் தேவைப்படாது.

கேள்வி: பழைய டிவி கேம் செட்டும் துப்பாக்கியும் வாங்கினேன். டக் ஹண்ட்ல ஒரு வாத்து கூட விழ மாட்டேங்குது, டிவிகிட்டயே போய் சுட்டாலும் நாய் சிரிக்குது. கடைக்காரர் டிவிலதான் கோளாறுங்கறார். (திருச்சி)

கடைக்காரர் சொன்னதுல பாதி உண்மை, ஆனா கோளாறு இல்ல, உங்க டிவி புதுசு, அவ்ளோதான். அந்த துப்பாக்கி எதையும் சுடுறது இல்ல, அது பாக்குது. டிரிகர் அழுத்தின நொடி ஸ்க்ரீன் மொத்தமும் கறுப்பாகும், அடுத்த ஃப்ரேம்ல வாத்து இருந்த இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி முனைல இருக்குற லைட் சென்சாருக்கு அந்த வெளிச்சம் சரியான நேரத்துல பட்டா வாத்து காலி. பழைய பிக்சர் ட்யூப் டிவி படத்தை வந்த வேகத்துலயே கோடு கோடா போடும், எல்ஈடி டிவி உள்ள வாங்கி வெச்சு, சரி பண்ணி, லேட்டா போடும். துப்பாக்கி பாக்குறப்போ வெள்ளைக் கட்டமே வந்திருக்காது.

அதனால ட்யூப் டிவி இல்லாத வீட்டுல துப்பாக்கிக்கு தனியா காசு குடுக்காதீங்க. பழைய இரும்புக் கடைல ட்யூப் டிவி ஈஸியா கிடைக்கும், வாங்கலாம், ஆனா பின்னாடி மூடிய மட்டும் நீங்களா கழட்டாதீங்க, பிளக் புடுங்கின பிறகும் உள்ள ஹை வோல்டேஜ் தங்கி நிக்கும்.

கேள்வி: ஜப்பான்ல வேலை பாக்குற சித்தப்பா பையன் ஒரிஜினல் ஃபேமிகாம் (நின்டெண்டோவோட ஜப்பான் டிவி கேம் செட், செகண்ட் ஹேண்ட்) வாங்கிட்டு வர்றேங்கறான், அடாப்டரும் சேத்து. அப்படியே போட்டு ஆடலாமா? (மதுரை)

போடவே போடாதீங்க! ஜப்பான்ல கரண்ட் 100 வோல்ட், நம்ம ஊர்ல 230. அந்த அடாப்டரை கன்வெர்ட்டர் பின் மாட்டி சொருகினா என்ன ஆகும்னு எனக்கு வாசனையோட தெரியும், ஏன்னா நான் ஒரு தடவை அவசரத்துல பண்ணேன், மூணு நாள் ரூம் முழுக்க அந்த கருகல் வாடை. நல்ல வேளை, அடாப்டரோட போச்சு, செட் பொழச்சுது.

அடாப்டரை தம்பி அங்கயே விட்டுட்டு வரட்டும். ஃபேமிகாமுக்கு வேணும்ங்கறது டிசி 10 வோல்ட், உள்ள 7805 னு ஒரு ரெகுலேட்டர் இருக்கு, அது எப்படியும் 5 வோல்ட்டா இறக்கிடும், அதனால 9 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம். ஆனா முக்கியமான விஷயம், பின்னுல நடுவுல மைனஸ், வெளில ப்ளஸ். நம்ம கடைல கிடைக்கிற அடாப்டர் முக்கால்வாசி இதுக்கு நேர் எதிர், நடுவுல ப்ளஸ். அடாப்டர் மேல ஒரு சின்ன வட்டம் வரைஞ்சு ரெண்டு பக்கமும் + - போட்டிருக்கும், அதை பாக்காம வாங்காதீங்க. கண்டுபிடிக்கவே முடியலன்னா மியூசிக் கடைக்கு போங்க, கிட்டார் பெடலுக்கு விக்கிற 9 வோல்ட் அடாப்டர்ல நடுவுல மைனஸ்தான், பின் சைஸும் அதே. கரண்ட் அளவு (ஆம்பியர்) மட்டும் பாத்து வாங்குங்க.

கரண்ட் பிரச்சனை முடிஞ்சா அடுத்து டிவி. 1983ல வந்த அந்த முதல் மாடல்ல மஞ்ச-வெள்ளை-சிவப்பு வயரே கிடையாது, ஆன்டெனா வயர் மட்டும்தான், அதுவும் ஜப்பான் சேனல் 1, 2ல வரும். அந்த அலைவரிசை நம்ம ஊர்ல எஃப்எம் ரேடியோ ஓடுற இடம், நம்ம டிவில ட்யூன் பண்ணி ட்யூன் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம்னு ஆகிடும். ஏவி வயர் வர்ற மாதிரி உள்ள மாத்தலாம், ஒரு டிரான்சிஸ்டரும் சில ரெசிஸ்டரும் போதும், சால்டரிங் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு மணி நேர வேலை. தெரியாதுன்னா தம்பிகிட்ட 1993ல வந்த ஏவி ஃபேமிகாம் கிடைக்குதான்னு பாக்க சொல்லுங்க, விலை கூட, ஆனா தலைவலி கம்மி.

ஒரு நல்ல சேதியும் சொல்றேன். பரண்ல பழைய மஞ்சக் கேசட் கிடந்தா எடுத்து வைங்க, நம்ம ஊர் செட்டுங்க பெரும்பாலும் ஃபேமிகாமோட காப்பிங்கறதால அதே 60 பின் கேசட்தான், ஒரிஜினல் மிஷின்லயும் சொருகும். ஊதாதீங்க, எச்சில் ஈரம் பட்டு பின்னு பச்சை புடிக்கும். ஐசோபிரோபைல் ஆல்கஹாலை காட்டன் பட்ஸ்ல நனைச்சு தொடச்சீங்கன்னா பஞ்சு கறுப்பா வரும் பாருங்க, 30 வருஷ அழுக்கு.

கேள்வி: போக்கிமான் எமரால்டு, கேம்பாய் அட்வான்ஸ் கேசட், ஒரிஜினல்னு சொல்லி 2500 ரூபாய்க்கு ஒரு கடைல வாங்கினேன். ரெண்டு வாரத்துல சேவ் எல்லாம் போச்சு. பேட்டரி போயிடுச்சு, பழைய பொருள்னா அப்படித்தான்னு சொல்றாங்க. திருப்பி எடுக்க மாட்டேங்கறாங்க. (கோவை)

உங்க கடைக்காரர் தெரிஞ்சு சொன்னாரோ தெரியாம சொன்னாரோ, அந்த ஒரு வாக்கியத்துலயே மாட்டிக்கிட்டார். ஒரிஜினல் எமரால்டுல பேட்டரி இருக்கு, ஆனா அது கடிகாரத்துக்கு மட்டும்தான். பேட்டரி செத்தா ஸ்டார்ட் ஆகுறப்போ ஒரு மெசேஜ் வரும், நேரத்தை வெச்சு நடக்குற விஷயம் நிக்கும், சேவ் அப்படியே இருக்கும், ஏன்னா அது ஃபிளாஷ் மெமரில உக்காந்திருக்கு. பேட்டரி போனதும் சேவும் சேந்து போனா அது அனேகமா டூப்ளிகேட். இதே கதைய போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுக்கு சொல்லிருந்தா நம்பலாம், அதுல சேவ் பேட்டரிலதான் நிக்குது, 25 வருஷம் ஆச்சு, செத்திருக்கும், சிஆர் 2025 பேட்டரி (சால்டர் பண்ண தகடு காது வெச்சது) வாங்கி சால்டர் பண்ணா திரும்ப ஓடும்.

சந்தேகம் தீர, பிரிக்காமலே பாக்கலாம். கேசட்டை கவுத்து, தங்கக் கலர் பின்னுக்கு மேல டார்ச் அடிச்சு பாருங்க, போர்டுல நின்டெண்டோன்னு எழுதிருக்கணும். எமரால்டு மூடி கண்ணாடி மாதிரி லேசா உள்ள தெரியுற பச்சை. பின்னாடி ஸ்க்ரூ மூணு கால் தலை, சாதா ஸ்டார் ஸ்க்ரூ இருந்தா யாரோ பிரிச்சிருக்காங்க, இல்ல டூப்ளிகேட். இது மூணையும் போட்டோ எடுத்து வைங்க.

இப்போ திருப்பி எடுக்காத விஷயம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, பில்லுல காலக்கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள குறைபாடுள்ள பொருளை திருப்பி எடுத்து காசு குடுக்க மறுக்குறது முறையற்ற வணிகம். பில்லே குடுக்காம விக்குறதும் அதே கணக்குதான். உங்களுக்கு ரெண்டு வாரம்தான் ஆயிருக்கு, இதை சொல்லி கேளுங்க, மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பதியுங்க. கடையா இல்லாம யாரோ தனி ஆள் தன்னோட பழசை வித்திருந்தா இந்த வழி கஷ்டம், அதுக்குத்தான் காசு குடுக்குறதுக்கு முன்னாடியே டார்ச் அடிச்சு பாக்கணும்ங்கறது.

கேள்வி: காண்ட்ரா 30 உயிர் கோட் போட்டு முடிச்சாச்சு. அடுத்து எதை முடிச்சா கெத்து? வயர்லெஸ் கன்ட்ரோலர் வாங்கலாமா? (கல்லூரி மாணவர், சென்னை)

கோட் போடாம மூணு உயிரோட ஆரம்பிச்சு எட்டு ஸ்டேஜும் முடிங்க, அப்புறம் கெத்து பத்தி பேசலாம். அது முடிஞ்சா டேங்க் கேம், அதாவது பேட்டில் சிட்டி, 35 ஸ்டேஜ், கீழ இருக்குற கழுகு சின்னத்தை எதிரி அடிக்க விடாம காப்பாத்தணும். பேட்டில்டோட்ஸ் மூணாவது ஸ்டேஜ்ல பைக் ஓட்டுற இடம் வரும், அங்க நான் தோத்த கணக்கு எனக்கே தெரியாது. சேவ் ஸ்டேட் (கேம் நடுவுல எங்க வேணா சேவ் பண்ற வசதி) போட்டு முடிச்சா எண்ணிக்கைல வராது, சொல்லிட்டேன்.

டெட்ரிஸ் சும்மா சின்னப் பசங்க கேம்னு நினைக்காதீங்க. 1989ல வந்த என்ஈஎஸ் (ஃபேமிகாமோட வெளிநாட்டு மாடல்) டெட்ரிஸ்ல லெவல் 29க்கு மேல மனுஷனால ஆடவே முடியாதுன்னு பல வருஷம் நம்பினாங்க. 2023 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரு 13 வயசுப் பையன் லெவல் 157 வரைக்கும் போய் கேமையே ஹேங் ஆக்கிட்டான்.

கன்ட்ரோலர், வயர் வெச்சதே வாங்குங்க. மட்டமான வயர்லெஸ் ஒரு பட்டனை ஒரு தடவை விட்டா போதும், கடைசி உயிர் போயிடும். கடைல டெஸ்ட் பண்றப்போ பிளஸ் மாதிரி இருக்குற அந்த பட்டன்ல வலது பக்கத்தை மட்டும் அழுத்தி பிடிச்சு மரியோவ ஓட விடுங்க. நடுவுல தானா வேகம் குறைஞ்சு நின்னான்னா கீழ் பட்டனும் சேந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், அந்த பீஸை வெச்சிட்டு அடுத்ததை கேளுங்க.