மண் வரைபடத்தை நம்பிக் குழாய் வேலைக்கு விலை போடலாமா?

கேள்வி: ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கு விலைப்புள்ளி தர வேண்டும். பாறை எங்கே, களிமண் எங்கே என்பதை டிஜிட்டல் மண் வரைபடத்தை வைத்தே முடிவு செய்யலாமா?

விலையை அதை வைத்துப் போடாதீர்கள். எங்கெங்கே குழி வெட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்ய மட்டும் பயன்படுத்துங்கள்; அதற்கு அருமையான கருவி அது.

நாக்பூரிலுள்ள தேசிய மண் ஆய்வு நிறுவனத்தின் தமிழ்நாட்டு மண் வரைபடம் 1:2,50,000 அளவில் ஆனது. அதில் 1 மி.மீ. என்றால் தரையில் 250 மீட்டர். உங்கள் வேலைப்பாதை 15 மீட்டர் அகலம் இருந்தாலும் பேனாக் கோட்டைவிட மெல்லியதுதான். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் விவரம் கூடாது. உலகம் முழுவதற்குமான சாயில்கிரிட்ஸ் (SoilGrids) இணைய வரைபடமோ 250 மீட்டர் கட்டங்களாக, 2 மீட்டர் ஆழம் வரை கணித்துத் தருகிறது. ஒரு கட்டம் சுமார் 15 ஏக்கர். முழுவதற்கும் ஒரே மதிப்பு.

அப்புறம், வரைபடத்தின் விளக்கக் குறிப்பைக் கடைசி வரை படியுங்கள். ஒரே நிறத்துக்குள் பெரும்பாலும் இரண்டு மண் வகைகள் இருக்கும். முதலில் உள்ள ‘ஆழமான செம்மண்’ணைப் பார்த்துக் கணக்குப் போட்டால், இரண்டாவதாக உள்ள ஆழமில்லாத மண்ணில் பாறை உடைக்கும் பிரேக்கர் இயந்திரத்தின் வாடகை ஏறிவிடும்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் அடியில் கிடப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் பாறை. அது சீராகச் சிதைவதில்லை. ஓரிடத்தில் ஆளுயரத்துக்கு மண் இருக்கும். நாலு எட்டு தள்ளிக் கடப்பாரை இறங்காது. இதை வரைபடம் காட்டாது, கிணறு காட்டும். பாதையோரத் திறந்த கிணறுகளில் எட்டிப் பாருங்கள்: மேல்மண், சுக்கான் (சுண்ணாம்புக் கட்டிகள்), சிதைந்த பாறை, கெட்டிப் பாறை என அடுக்கடுக்காகத் தெரியும். உள்ளே சுவர் கட்டியிருந்தால், பக்கத்தில் போர் போட்டவரிடம் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்று கேளுங்கள். பொதுவாகக் கெட்டிப் பாறை தட்டும்வரைதான் அதை இறக்குவார்கள்.

இனி வரைபடத்தில் பாதையை வரைந்து, மண் மாறும் இடங்களில் அதைத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு குழி. எல்லைக்கு இருபுறமும் ஒவ்வொன்று. தரையில் மண் கோடு கிழித்தாற்போல மாறாது.

ஏரிக்குக் கீழுள்ள நஞ்சையில் களி இருந்தால் வீக்கச் சோதனை கட்டாயம். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணில் 10 கிராமைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறியதைவிடத் தண்ணீரில் ஊறியது 50 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக உப்பியிருந்தால், சாலையைக் கடக்கும் இடங்களில் அந்த மண்ணைப் போட்டு மூடாதீர்கள். தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய பகுதிகளில் குளோரைடு, சல்பேட்டும் பாருங்கள்; இரும்புக் குழாயை அரிப்பது அந்த உப்புதான்.

பட்டா நிலத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, கடைசியில் அதையே மேலே பரப்புங்கள். அடிமண் மேலே வந்துவிட்டால் அந்த விவசாயிக்கு வேர்க்கடலை பல வருடம் சரியாக வராது. மேல்மண் எத்தனை செ.மீ. என்பதை உங்கள் குழியிலேயே அளந்து, அந்தக் கூலியையும் விலைப்புள்ளியில் சேர்த்துவிடுங்கள்.