கச்சான் காலத்துத் தூண்டில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் கெலோனாவில் இருக்கும் அண்ணா ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறார். திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கி, படகில் போய் மீன் பிடிப்பதாகத் திட்டம். ஒகனகன் ஏரியில் கொக்கனி சால்மன் பிடிக்கிற தூண்டில் சாமான் முழுவதையும் கொண்டுவரப் போகிறாராம். அது நம் கடலுக்குச் சரிவருமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: பாதி சரிவரும். மீதியை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கொக்கனி என்பது கடலுக்கே போகாமல் ஏரியில் வளர்ந்து முடிகிற சொக்காய் சால்மன். பெரும்பாலும் அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்களைத் தின்கிற மீன் அது; வாய் மென்மையானது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அதனால்தான் அண்ணாவின் தடி நுனி நாணல் மாதிரி வளையும். 10 முதல் 13 பாகை செல்சியஸ் குளிர்தான் அதற்குப் பிடித்தம். கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகியதும் 15, 20 மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்த ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோகத்தான் நாலு கிலோக் குண்டு தொங்கும் டவுன்றிகர் என்ற சுருள் கருவி. குண்டுக்குப் பின்னால் மினுங்கும் தகடு, அதற்குப் பின்னால் ஒரு முழத்துக்குள் சிறு தூண்டில், அதில் ரின்னில் வரும் வெள்ளைச் சோளமணி ஒன்றிரண்டு. படகு மணிக்கு இரண்டு கிலோமீற்றர் அளவில், மனிதர் உலாவுகிற வேகத்தில் ஊர்ந்தால் போதும்.

இதில் ஒன்றுகூட நம் சீலாவுக்கும் அறுக்குளாவுக்கும் பொருந்தாது. அவை துரத்திப் பிடிக்கிற மீன்கள். இரை மணிக்கு எட்டு முதல் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். பல் கத்தி. மூன்று கிலோ தாங்கும் ஏரித் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) ஒரே கடியில் போய்விடும். 15 கிலோ தாங்கும் தங்கூசி 200 மீற்றர், நுனியில் ஒரு சாண் உருக்குக் கம்பி, அதன் முனையில் விரல் நீள வெள்ளித் தகடு அல்லது இறகுக் கொத்து. இதை இங்கேயே வாங்கலாம். டவுன்றிகரைக் கட்டாயம் விட்டுவிட்டு வரட்டும். நம் பைபர் படகின் விளிம்பில் அதன் பிடி சரியாக இறுகாது, குண்டு கடலடிப் பாறையான பாரில் சிக்கினால் கம்பியை அறுப்பதைத் தவிர வழியில்லை. சோள ரின்னைப் பிள்ளைகள் சாப்பிடட்டும்.

அந்த மெல்லிய தடி வீண் இல்லை. குடாவுக்குள் 8 முதல் 15 மீற்றர் ஆழத்தில் நங்கூரம் போட்டு, 60 கிராம் ஈயமும் ஒரே தூண்டிலுமாக அடியில் விட்டால், சிறு விளைமீன் கொத்துகிற ஒவ்வொரு கொத்தும் பிள்ளையின் கைக்குத் தெரியும். இரை கணவாய், சுண்டுவிரல் அகலத் துண்டு, ஒரு நுனியில் மட்டும் குத்தவேண்டும். துண்டைச் சுருட்டிக் குத்தினால் தண்ணீரில் சுழன்று தங்கூசி முறுக்கிக்கொள்ளும். ஈயம் தரையைத் தொட்டதும் ஓரடி தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். தரையிலேயே விட்டால் பாருக்குள் போய்ச் சிக்கும்.

ஏரிச் சாமானுக்கு உப்பு எதிரி. ஒவ்வொரு நாளும் திரும்பியதும் ரீலின் இறுக்கத்தைக் கூட்டி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, பிறகு தளர்த்திவிடுங்கள். பீச்சி அடித்தால் உப்பு உள்ளே போய் உட்காரும்.

கேள்வி: ஜூலை, ஆகஸ்டில் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. பிறகு ஏன் படகுக்காரர் தூரம் போக மறுக்கிறார்கள்?
— வாசகர், நிலாவெளி

பதில்: குளம் மாதிரித் தெரிவதுதான் ஆபத்து. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. நம் பக்கத்தில் கச்சான் என்பது அதைத்தான். கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை, அதனால் தண்ணீர் கண்ணாடி. ஒன்றிரண்டு கிலோமீற்றர் வெளியே போனால் அதே காற்று அலையை எழுப்பியிருக்கும். முக்கியமானது இது: எஞ்சின் நின்றுவிட்டால் வாடைக் காலத்தில் காற்று படகைக் கரைக்குத் தள்ளும், கச்சானில் வங்காள விரிகுடாவுக்குள் தள்ளும்.

நங்கூரம் போட்டால் நிற்குமே என்பீர்கள். ஆழத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு கயிறு விடவேண்டும், காற்றடித்தால் ஐந்து மடங்கு. 15 மீற்றர் ஆழத்துக்கு 45 முதல் 75 மீற்றர் கயிறு. ஆனால் கொட்டியார் குடாவிலிருந்து கடலுக்குள் ஓடுகிற ஆழ்பள்ளத்தின் மேலே போய்விட்டால் எந்தக் கயிறும் தரையைத் தொடாது. கடலடிப் பள்ளம் இவ்வளவு கரைக்கு அருகில் தொடங்குகிற துறைமுகங்கள் உலகத்திலேயே குறைவு. திமிங்கிலம் சுவாமி மலையிலிருந்து தெரிவதற்கும் அந்த ஆழம் ஒரு காரணம். ஆகவே பிள்ளைகளோடு போகும்போது தரை எட்டுகிற தண்ணீரை விட்டு வெளியே போகவேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கி, வெயில் ஏறுமுன் ஒன்பதுக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுங்கள். போகுமுன் தூரத்தைப் பாருங்கள். அலைத்தலைகள் வெளுத்துத் தெரிந்தால் அன்றைக்குக் கூடாரத்திலேயே தேநீர்.

படகுக்காரர் மறுத்தால் காசைக் கூட்டிக் கேட்காதீர்கள்.

கேள்வி: 18 அடிப் படகு, மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். மெதுவாக ஓட்டிக்கொண்டே தூண்டில் இழுத்தால் அரை மணித்தியாலத்தில் திணறி நின்றுவிடுகிறது. கார்புரேட்டரைக் கழுவியும் பயனில்லை.
— வாசகர், கிண்ணியா

பதில்: கார்புரேட்டர் குற்றமற்றது. மண்ணெண்ணெய் மெதுவான ஓட்டத்தில் முழுவதும் எரிவதில்லை. பிளக்கில் கரி பிடித்து, எண்ணெய் ஊறி, பொறி விழாமல் போகிறது. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூண்டில்களைச் சுருட்டிவிட்டு இரண்டு நிமிடம் வேகமாக ஓட்டுங்கள். கரி எரிந்து போகும். கையோடு இரண்டு புதுப் பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும் இருக்கட்டும், ஈரம் படாமல் போத்தலுக்குள்.

கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்துமுன் மூன்று நான்கு நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டவேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது. கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் நோகும். இன்னொன்று: எஞ்சினின் பக்கத்தில் பீச்சுகிற நீர்த்தாரையை அடிக்கடி பாருங்கள். ஷொப்பிங் பை ஒன்று நீர் உறிஞ்சும் வாயை அடைத்தால் தாரை நின்றுவிடும். அடுத்த ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சூடேறி இறுகும்.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. 18 அடிப் படகில் ஓட்டியோடு ஐந்து பேருக்கு மேல் ஏற்றவேண்டாம். பிள்ளைகளின் உயிர்காப்பு அங்கியைப் போட்டு, தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல.

கேள்வி: படகிலிருந்து தூண்டில் இழுப்பது தடைசெய்யப்பட்டது என்கிறார்களே?
— வாசகி, மூதூர்

பதில்: பெயர்க் குழப்பம். 2017இல் சட்டத் திருத்தத்தால் தடைசெய்யப்பட்டது கடலடியை வாரும் இழுவை மடி. நீங்கள் செய்வது ஓடும் படகின் பின்னால் தூண்டில் விடுவது. ஆனால் புறாத்தீவைச் சுற்றி எந்தத் தூண்டிலும் போடக்கூடாது. 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவான இடம் அது. அங்கே முருகைக்கல் மேல் நங்கூரம் போடுவதும் குற்றம். துறைமுகப் பக்கம் கடற்படையின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் உண்டு. பதிவெண் எழுதிய படகும், அந்த எல்லைகள் தெரிந்த ஓட்டியும் வேண்டும்.

கேள்வி: பிடித்த சூரையைக் கூடாரத்தில் சமைத்துச் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலையிடி, வயிற்றோட்டம். மீன் பழுதாய் மணக்கவில்லை. ஏன்?
— வாசகர், குச்சவெளி

பதில்: சூரை, அறுக்குளா, கும்பளா மாதிரி மீன்களை வெயிலில் விட்டால் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறிவிடும். மணத்தில் தெரியாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, ஐஸுக்குள் வைப்பதுதான் வழி. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். கட்டி ஐஸைச் சாக்கில் போட்டு உடைத்து, கொஞ்சம் கடல்நீர் ஊற்றிக் கஞ்சி மாதிரி வைத்தால் மீனின் எல்லாப் பக்கமும் குளிரும். படகில் றெஜிபோம் பெட்டி நிழலில், ஈரச் சாக்குக்குக் கீழே இருக்கட்டும். ஐஸ் இல்லாத நாளில் சூரை பிடிக்காதீர்கள். விளைமீனோடு நிறுத்திச் சொதி வையுங்கள்.

ஊதிப் பருக்கும் பேத்தை தூண்டிலில் வந்தால் திரும்பக் கடலில் விடுங்கள். அதன் நஞ்சும் நெருப்புக்கு அடங்காது. கெளிற்றின் முள் குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணிவரை கையை வைத்திருக்கவேண்டும், பிறகு மருத்துவமனை.

கேள்வி: மணலில் கூடார முளை நிற்பதே இல்லை.
— வாசகி, நிலாவெளி

பதில்: நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். கூடாரத்தின் முதுகு மேற்கே, வாசல் கடலைப் பார்த்து இருந்தால் கச்சான் உள்ளே புகுந்து தூக்காது. அடுப்பைக் கூடாரத்துக்குக் கிழக்கே, பத்தடி தள்ளி மூட்டுங்கள். பொறி கடல் பக்கம் போகும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் குடிநீர். மீன் வெட்டிய கழிவை இருட்டிய பிறகு களப்பு ஓரத்தில் கழுவப் போகவேண்டாம். முதலை உள்ள இடங்களில் அதுவே அழைப்பு.