பத்திராதிபர் என்றால் முதலாளியா?

கேள்வி: என் பாட்டனாரின் பெட்டிக்குள் கிடைத்த பழைய பத்திரிகை நறுக்கொன்றில், அவர் எழுதிய கடிதம் 'பத்திராதிபர் அவர்களுக்கு' என்று தொடங்குகிறது. அக்காலத்தில் சொந்தக்காரரே பத்திரிகையை எழுதி நடத்தினார் என்பதற்கும், சம்பளத்துக்கு ஆசிரியரை அமர்த்தும் வழக்கம் பிற்பாடு வந்தது என்பதற்கும் இந்தச் சொல்லே சான்றல்லவா? (நறுக்கின் பிரதியை இணைத்துள்ளேன்.)
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சான்றன்று. தொழிலதிபர், ஆலை அதிபர், படஅதிபர் என்று பணம் போட்டவரை அழைப்பது தமிழ்நாட்டு வழக்கு. அங்கிருந்து வரும் சினிமாவும் தொலைக்காட்சியும் அந்தப் பொருளை நம் காதிலும் ஏற்றிவிட்டன. ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு நீங்கள் இப்படிக் கேட்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. பாடசாலை அதிபர் பாடசாலைக்குச் சொந்தக்காரரா? வெள்ளவத்தைப் புகையிரத நிலைய அதிபர் தண்டவாளத்தை விலைக்கு வாங்கியவரா? அரசாங்க அதிபர், பொலிஸ்மா அதிபர், சட்டமா அதிபர் என எவரை எடுத்துக்கொண்டாலும், நம் நாட்டு வழக்கில் அதிபர் என்பவர் ஒரு பொறுப்பின் தலைவரே அன்றி, ஒரு சொத்தின் உடைமையாளர் அல்லர்.

பழைய பத்திரிகைகள் இச்சொல்லை ஆண்டதும் இந்தப் பொருளில்தான். பத்திரம் என்பது இலை, பின்னர் ஏடு, அதன் வழியே செய்தித்தாள். அத்தாளில் அச்சேறுவதற்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் பத்திராதிபர். அவருக்குக் கீழே உப பத்திராதிபர் என்றொரு பதவியும் இருந்தது. 1904 இல் சுதேசமித்திரனில் சேர்ந்த பாரதியார் பார்த்த வேலை அதுதான். உங்கள் கணக்குப்படி பார்த்தால், பாரதியாரைச் சின்ன முதலாளி என்றல்லவா சொல்ல வேண்டும்! அவருடைய வறுமையை அறிந்த எவரும் அதற்கு உடன்படமாட்டார்கள்.

சொந்தக்காரரே எழுதி நடத்திய பத்திரிகைகள் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. 1882 இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கிய சித்திலெவ்வை அதற்கு நல்ல உதாரணம். ஆயினும் அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1841 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை அமெரிக்க மிஷனுக்கு உரியதாக இருந்தது. அதன் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அதற்கு உடைமையாளர்கள் அல்லர். ஆகவே சம்பளத்துக்கு ஆசிரியரை அமர்த்துவது பிற்காலத்து வழக்கம் என்ற உங்கள் இரண்டாவது முடிவும், ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகையின் தொடக்கத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இந்த விடயத்தில் உண்மையாகவே சுவையானது, நீங்கள் கேட்காத ஒன்று. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தலைமையாசிரியர் என்று அழைக்கப்பட்டவர் காலப்போக்கில் அதிபர் ஆனார். பத்திரிகை அலுவலகத்தில் அதிபராக இருந்தவரோ ஆசிரியர் ஆனார். இரண்டு சொற்களும் ஒன்றன் நாற்காலியில் மற்றொன்று மாறி அமர்ந்துகொண்டன. இரு நாற்காலிகளின் வேலையும் முன்போலவே நடக்கிறது. (பக்கத்து மேசைச் சிங்களப் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாமல், ஆசிரியரை இன்றும் 'கர்த்ரு' என்றே அழைக்கிறார்கள். நம்மவரும் ஒருகாலத்தில் பத்திரிகா கர்த்தா என்று எழுதியதுண்டு.)

மயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதிய வாசகர் ஒருவர் இன்றும் உறையின் மேல் 'பத்திராதிபர் அவர்கட்கு' என்று எழுதித்தான் எமக்குக் கடிதம் அனுப்புகிறார். புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் அதை நேரே எங்கள் முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். 'ஒற்றுப்பிழைகளைப் பற்றி எழுதியிருக்கிறார், இது உமக்குத்தான்' என்ற குறிப்போடு மூன்றாம் நாள் அது என்னிடம் திரும்பி வந்தது.

உங்கள் பாட்டனாருக்கு அந்த மயக்கம் இருந்ததில்லை. நீங்கள் அனுப்பிய நறுக்கின் கடைசிப் பந்தியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். தாம் முன்னர் எழுதிய கடிதத்தின் பின்பாதியை ஏன் வெட்டினீர் என்று பத்திராதிபரிடம் அவர் காரணம் கேட்கிறார். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.