பழைய பிக்கப்புக்கு எந்த கார்புரேட்டர்?

கேள்வி: என்னிடம் 1978 செவ்ரோலே சி10 பிக்கப் இருக்கிறது. 350 வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. வார இறுதியில் மரப்பலகை, உரமூட்டை ஏற்றுவதோடு சரி. வண்டியோடு வந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 750 கன அடி காற்று) ஹாலி டபுள் பம்பர் கார்புரேட்டரைப் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?
- வாசகர், ஹூஸ்டன், டெக்சாஸ்

பதில்: வேண்டாம். ரேஸ் ஓட்டுகிறவருக்கு அது சரி. பலகை ஏற்றுகிறவருக்கு எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு. எஞ்சினின் 350 கன அங்குலத்தை 4,500 ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் 456 சிஎஃப்எம் வரும். சிலிண்டர்கள் முழுக்க நிறைந்தால்தான் அத்தனை காற்று. 85 சதவீதம் நிறைகிறது என்று வைத்தால் 390-ஐத் தொடாது. 600 சிஎஃப்எம்மே தாராளம்.

"குவாட்ராஜெட்டே 750தானே?" என்று நண்பர் மடக்குவார். உண்மைதான். ஆனால் அதன் முன்பக்க வாய்கள் இரண்டும் சிறியவை, தினசரி ஓட்டத்துக்கு அவையே போதும். பின்பக்கத்துப் பெரிய வாய்களின் மேல் ஒரு காற்றுத் தகடு உண்டு. எஞ்சின் இழுக்கும் அளவுக்குத்தான் அது திறக்கும். டபுள் பம்பரில் அந்தத் தடுப்பு கிடையாது. மிதித்த மிதிக்கு நான்கும் திறக்கும், பெட்ரோலும் கூடவே கொட்டும். கனமான பிக்கப் குறைந்த வேகத்தில் திணறும்.

புதிதாக எதையும் வாங்கும் முன், காலையில் எஞ்சினைத் தொடாமல் ஏர் கிளீனர் மூடியை எடுங்கள். த்ராட்டில் கம்பியைக் கையால் இழுத்தபடி உள்ளே பாருங்கள். முன்வாய்களில் பெட்ரோல் இரண்டு கோடாகப் பீய்ச்சினால் கோளாறு சோக்கிலோ (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) மின்சாரப் பக்கத்திலோ இருக்கலாம். ஒன்றுமே வரவில்லை என்றால், ஒன்று பெட்ரோலைப் பீய்ச்சும் பம்பின் ரப்பர் போயிருக்கும், அல்லது ராத்திரியில் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் காலியாகியிருக்கும். குவாட்ராஜெட்டின் அடியிலுள்ள சின்ன அடைப்புகள் கசிவது பழைய வியாதி. எபாக்ஸி வைத்து அடைத்து, எத்தனால் தாங்கும் ரிப்பேர் கிட் போட்டால் தீர்ந்தது. த்ராட்டில் தண்டை மட்டும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அங்கே காற்று புகும். புஷ் போடாமல் அது அடங்காது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு எடெல்பிராக் 1406-க்கு. 600 சிஎஃப்எம், எலெக்ட்ரிக் சோக். பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே கேஸ்கெட் இல்லாத உடம்பு என்பதால் ஹாலி போல ஓரத்தில் கசிந்து நிற்காது. (ஹாலி ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அவர்களுக்கும் 600-இல் வேக்யூம் செகண்டரி மாடல் (எஞ்சின் இழுப்புக்கு ஏற்பப் பின்வாய்கள் திறப்பது) இருக்கிறது, அதுவும் நல்லதே.)

உங்கள் மேனிஃபோல்டில் (கார்புரேட்டர் உட்காரும் குழாய்த்தொகுதி) வாய்கள் குவாட்ராஜெட்டுக்கு ஏற்றபடி இருக்கும். இடையில் அடாப்டர் தகடு வேண்டும். பொருத்தியதும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து பாருங்கள், தகட்டில் இடிக்கக் கூடாது. பெட்ரோல் அழுத்தம் 6.5 பிஎஸ்ஐ-யைத் தாண்டினால் பெட்ரோலை அடைக்கும் ஊசி தாங்காமல் பொங்கும்; ரெகுலேட்டர் போடுங்கள். சோக்குக்கு, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து வயர் எடுங்கள், இக்னிஷன் காயிலிலிருந்து வேண்டாம். அப்புறம், த்ராட்டிலிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி மாற்றியிருந்தால் ரொம்பக் கவனம்: அந்தக் கேபிள் அளவு தப்பினால் உள்ளே கிளட்ச் எரிந்துவிடும், கார்புரேட்டரைப் போலப் பல மடங்கு செலவு.

கேள்வி: 1979 ஃபோர்டு எஃப்-150-க்கு வேறு கம்பெனி கார்புரேட்டர் வாங்கிவிட்டேன். ஸ்மாக் (வாகனப் புகை) சோதனையில் பிரச்சினை வருமா?
- வாசகி, சான் ஹோசே, கலிபோர்னியா

பதில்: வரலாம். 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் அங்கே விலக்கு. உங்கள் வண்டியின் வருடத்துக்கும் எஞ்சினுக்கும் பொருந்தும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் அந்தக் கார்புரேட்டருக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் புகை சுத்தமாக வந்தாலும் பாகங்களைக் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். எண் இல்லாவிட்டால் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓவர்ஹால் செய்து மாட்டிக்கொள்ளலாம்.