மலையிறக்கச் சைக்கிளின் முன் ஃபோர்க்: ஷிம்மை மாற்றுவதா, ஆயிலை மாற்றுவதா?

கேள்வி: கனடாவின் விஸ்லர் சைக்கிள் பூங்காவில் கோடைதோறும் ஓட்டுகிறேன். என் எடை 58 கிலோ. சைக்கிளில் 200 மில்லிமீட்டர் அமுங்கும் இரட்டை கிரவுன் ஏர் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும், காற்றழுத்தத்தை ஸ்பிரிங்காகக் கொண்ட கவை) இருக்கிறது. ஏ-லைன் தடத்தில், எல்லாரும் பிரேக் பிடித்துப் பிடித்து மண் அலை அலையாகத் திரண்டிருக்கும் இடங்களில் ஃபோர்க் கல்லாக இறுகிவிடுகிறது. பாதி வழியிலேயே முன்கை மரத்துப்போகிறது. ஃபோர்க் அமுங்குவதைத் தடுக்கும் அளவை மாற்றும் கம்ப்ரஷன் குமிழ்கள் இரண்டையும் முழுக்கத் திறந்துவிட்டேன். அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்டு குமிழும் கடைசிவரை திறந்துதான் இருக்கிறது. கம்ப்ரஷன் ஷிம்களை (உள்ளே ஆயிலின் ஓட்டத்தைத் தடுக்கும் மெல்லிய உலோக வளையங்களை) குறைத்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?
(வான்கூவர் வாசகர்)

பதில்: கம்ப்ரஷன் பக்கம் கை வைப்பதற்கு முன், ரீபவுண்டு குமிழ் கடைசிவரை திறந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முதல் சந்தேகம் அங்கேதான் விழ வேண்டும். தொழிற்சாலையில் ஷிம்களை அடுக்கும்போது நடுத்தர எடை உள்ளவரை மனத்தில் வைத்தே அடுக்குகிறார்கள். உங்கள் எடைக்கு ஏற்பக் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டீர்கள். ஆகவே ஃபோர்க்கைத் திரும்ப மேலே தள்ளும் விசையும் குறைந்துவிட்டது. ஆனால் அந்தத் திரும்புதலைத் தடுக்கும் ரீபவுண்டு ஷிம்கள் அதே கனத்தில் அப்படியே இருக்கின்றன.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். மேடுகள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நொடியில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. ஒரு மேட்டில் 60 மில்லிமீட்டர் அமுங்கிய ஃபோர்க் அதற்குள் 40 மில்லிமீட்டர் மட்டுமே எழுந்தால், அடுத்த மேட்டை 20 மில்லிமீட்டர் தாழ்ந்த நிலையில் எதிர்கொள்கிறது. இப்படியே நாலைந்து மேடுகள் கடந்தால் ஃபோர்க் பாதி ஆழத்தில் போய் நின்றுவிடும். ஏர் ஸ்பிரிங் ஆழத்தில் வேகமாக இறுகும் தன்மையுடையது என்பதால், கைக்கு அது கம்ப்ரஷன் கடினமாக இருப்பதைப் போலவே தெரியும். இந்த நிலையில் கம்ப்ரஷன் ஷிம்களைக் குறைத்தால் ஃபோர்க் இன்னும் எளிதாகக் கீழே போகும், நோய் முற்றும்.

இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. நண்பர் ஒருவரைத் தடத்தின் ஓரத்தில் பாதுகாப்பாக நிறுத்தி, கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மேடுகளுக்கு இடையில் ஃபோர்க் எழுகிறதா, அல்லது தாழ்ந்தபடியே அதிர்கிறதா என்பது படத்தில் தெளிவாகத் தெரியும். குழாயில் மாட்டிய ரப்பர் வளையம் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்று மட்டுமே சொல்லும். எந்த உயரத்தில் ஓடியது என்று சொல்லாது. கூடவே உராய்வையும் பார்த்துவிடுங்கள். முன்சக்கர அச்சைக் கவ்வும் போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி, ஃபோர்க்கின் இரு கால்களும் தாமாக நேராக அமர்ந்த பின் இறுக்குங்கள். கால்கள் கோணலாக இறுக்கப்பட்ட ஃபோர்க்குக்கு எந்த ஷிம்மும் மருந்தாகாது.

படத்தில் ஃபோர்க் தாழ்ந்தே ஓடுவது உறுதியானால், ரீபவுண்டு பிஸ்டனில் உள்ள ஷிம் அடுக்கை இளக்கலாம். குமிழ் ஆட்டுவிப்பது சிறிய ஊசித் துளையை மட்டுமே. அது முழுக்கத் திறந்த பிறகு மிச்சமுள்ள தடை பெரும்பாலும் ஷிம்களுடையது. ஒரு ஷிம்மின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது அதே விட்டமுள்ள 0.15 மில்லிமீட்டர் ஷிம் ஒன்று, 0.10 மில்லிமீட்டர் ஷிம்மைப் போல ஏறத்தாழ 3.4 மடங்கு விறைப்பானது. எனவே ஒரு 0.15-ஐ எடுத்துவிட்டு இரண்டு 0.10 வைத்தால், அந்த இடத்தின் விறைப்பு சுமார் 60 விழுக்காடாகக் குறையும். முதல் மாற்றத்துக்கு இதுவே போதும். ஒரே நாளில் பாதி அடுக்கைக் கழற்றி எறிபவர்கள் பிறகு எதனால் என்ன மாறியது என்று தெரியாமல் தவிப்பார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் காற்றை முழுவதும் வெளியேற்றிவிடுங்கள். அழுத்தம் இருக்கும்போது மேல் மூடியைத் திறப்பது ஆபத்து. ஷிம்களைக் கழற்றும்போது அதே வரிசையில் மெல்லிய கம்பி ஒன்றில் கோத்துவிடுங்கள். ஒவ்வொன்றின் கனத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் 0.10-க்கும் 0.15-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிமேல் வைத்தால் ஆடுகிற ஷிம் வளைந்தது. அதைத் திரும்பப் போடக் கூடாது. அடுக்கின் மொத்த உயரம் குறைந்தால் நட்டு சரியாக இறுகாது. குறைந்த அளவைப் பின்பக்கத்தில் சிறிய விட்டமுள்ள ஷிம்களால் ஈடுசெய்ய வேண்டும். மூடும்போது ஆயிலில் காற்று சிறிதும் தங்கக் கூடாது. தங்கினால் ஃபோர்க் திசை மாறும் ஒவ்வொரு கணமும் தடையே இல்லாத ஒரு வெற்றிடம் கையில் உணரப்படும்.

கேள்வி: ஷிம்மைத் தொடாமல் மெல்லிய ஆயில் ஊற்றினால் போதாதா?

பதில்: சில சமயம் போதும், ஆனால் அது நீங்கள் கேட்காததையும் சேர்த்தே மாற்றும். ஒரே ஆயில்தான் கம்ப்ரஷன் பக்கமும் ரீபவுண்டு பக்கமும் ஓடுகிறது. மேலும், ஆயிலின் பாகுத்தன்மை அதிகம் ஆளுவது ஊசித் துளை வழியாக நடக்கும் மெதுவான ஓட்டத்தை. வேகமான அடியில் ஷிம்மின் விறைப்பும் பிஸ்டன் துளைகளின் பரப்புமே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே மெல்லிய ஆயில் ஊற்றியவருக்குக் கூர்மையான அடி கொஞ்சமே குறைந்திருக்க, பிரேக் பிடித்தால் முன்பக்கம் சட்டென்று குனிவது மட்டும் கூடியிருக்கும். டப்பாவில் உள்ள 5, 7.5 போன்ற எண்களையும் நம்பி ஒப்பிட வேண்டாம். அவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) என்று தரவுத்தாளில் பார்த்து ஒப்பிடுவதே சரி.

கேள்வி: என்னிடம் பழைய மார்சோக்கி 888 ஃபோர்க் இருக்கிறது. அதில் ஆயிலைக் கூட்டினால் டாம்பிங் (ஃபோர்க்கின் அசைவை அடக்கும் தடை) கூடுமா?

பதில்: கூடாது. திறந்த எண்ணெய்க் குளியல் முறையில், அதாவது ஆயில் மூடிய உறைக்குள் இல்லாமல் ஃபோர்க் காலுக்குள்ளேயே நிற்கும்படி அமைந்த ஃபோர்க்கில், ஆயிலுக்கு மேலே உள்ள காற்று இரண்டாவது ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. ஆயிலைக் கூட்டினால் அந்தக் காற்றின் இடம் குறைந்து, அமுக்கத்தின் கடைசிப் பகுதி இறுகும், அவ்வளவே. ஃபோர்க் அடிக்கடி கடைசிவரை அமுங்கி முட்டுகிறது என்றால் சிறிது சிறிதாகக் கூட்டலாம். பழைய ஆயில் அடியில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், ஊற்றிய மில்லிலிட்டரை எண்ணுவதைவிட, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை அளந்துகொள்ளுங்கள்.