டாக்டரா, ஆராய்ச்சியா? பெரம்பூர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. அன்று கிளம்பும்போது கேட்டீர்களே, அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கும் மகள், 'சில குழந்தைகளுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப நிமோனியா வருகிறது, அதைத்தான் ஆராயப் போகிறேன்' என்கிறாள். டாக்டரானால் போதும், ஆராய்ச்சி என்று போனால் முப்பது வயதுவரை சம்பாத்தியம் இருக்காது என்பது உங்கள் கவலை. கவலை நியாயம்தான். ஆனால் டாக்டர் வேறு, ஆராய்ச்சியாளர் வேறு என்று கோடு போட்டுவிட்டீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

1952-இல் ஓக்டன் புரூட்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு ஓயாமல் கிருமித்தொற்று. ரத்தத்தைச் சோதித்தால், கிருமியை எதிர்க்கும் காமா குளோபுலின் அதில் இல்லவே இல்லை. அதையே ஊசியாகக் கொடுத்தார், பையன் தேறினான். எந்த மரபணுவில் பழுது என்பது 1993-இல்தான் தெரிந்தது. படுக்கையருகே எழுந்த கேள்விக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வர 41 வருடம். பிறவியிலேயே வரும் இப்படிப்பட்ட எதிர்ப்புசக்திக் குறைபாடுகள் இன்று 400-க்கு மேல் தெரியவந்துள்ளன.

நம் ஊரில் குழந்தை பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள் அல்லவா? வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி அது. கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தழும்போடு முடிந்துவிடும். எதிர்ப்புசக்தியே இல்லாமல் பிறக்கும் அபூர்வமான ஒரு சில குழந்தைகளுக்கோ அதுவே உடம்பெல்லாம் பரவக்கூடும். அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பது உங்கள் மகளுக்காகக் காத்திருக்கும் வேலைகளில் ஒன்று. (இதைப் படித்துவிட்டு யாரும் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில் அது அவசியம்.)

சரி, வழி என்ன? நீட் எழுதினால் எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், குழந்தை மருத்துவத்தில் எம்டி மூன்று வருடம். அதற்கு மேல் சண்டிகரில் பிஜிஐ என்ற மருத்துவ நிறுவனத்தில் குழந்தைகளின் எதிர்ப்புசக்தி நோய்களுக்கென்றே டிஎம் என்ற உயர்சிறப்புப் படிப்பு உண்டு. நீளமான பாதைதான், ஆனால் எம்டி படிக்கும்போதே உதவித்தொகை வரும். நீட் வேண்டாமென்றால் நுண்ணுயிரியலிலோ உயிர்த்தொழில்நுட்பத்திலோ முதுகலை, பிறகு பிஎச்டி. நெட் என்ற தகுதித்தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆகவே முப்பது வரை வெறுங்கை என்பது சரியில்லை. சிரமம் பிஎச்டி முடித்த பிறகுதான்: நிரந்தர வேலைக்குப் போட்டி கடுமை. இதை மறைத்தால் நான் ஆலோசகன் இல்லை, அட்மிஷன் புரோக்கர்.

நீட்டை ஒரு தடவை எழுதட்டும், மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. நான்காவது தடவைக்குக் கோச்சிங் போகும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். எதற்காக டாக்டராக ஆசைப்பட்டோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டில்தானே என்றீர்கள். சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அங்கே நடந்த ஆய்வு. கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு ஆராய்ச்சி நிலையம், தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் வளாகம், ரயிலேறினால் வேலூர் சிஎம்சி. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டாவைரஸ் பற்றி ககன்தீப் காங் ஆராய்ந்தது வேலூரில்தான். அவரும் எம்பிபிஎஸ், எம்டி முடித்துப் பிஎச்டியும் செய்தவர்.

அப்புறம், கணக்கு வராததால் பயோ-மேத்ஸிலிருந்து மாறியிருக்கலாமோ என்று உங்கள் மகள் முணுமுணுத்தாள். மாறாததே நல்லது. அறிவியல் பட்டப்படிப்பும் ஆராய்ச்சியும் நடக்கும் மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களுக்கான நுழைவுத்தேர்வில் உயிரியலுக்கு 15 கேள்வி என்றால் கணக்குக்கும் 15 கேள்வி. டியூஷனுக்குப் பணம் ஒதுக்குவதாக இருந்தால் முதலில் கணக்குக்கு ஒதுக்குங்கள்.