பெட்டியில் ஓ.எஸ்.பி.எஃப். என்று போட்டிருந்தால் இணையம் வேகமாகுமா? ரவுட்டர் வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: வீட்டுக்கு ரவுட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாடலின் விவரப் பட்டியலில் 'ரிப், ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. வசதி உண்டு' என்று இருக்கிறது. விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. வாங்கினால் இணையம் வேகமாகுமா?

பதில்: ஆகாது. அந்த மூன்றும் ரூட்டிங் புரோட்டோகால்கள். உங்கள் இணைப்பின் வேகத்தைக் கூட்டுவது அவற்றின் வேலையே இல்லை. ரவுட்டர் என்னதான் செய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இது புரிந்துவிடும். கீழே வரும் கேள்விகளுக்கும் உதவும்.

இணையத்தில் எதை அனுப்பினாலும் சிறு சிறு பாக்கெட்டுகளாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டிலும், போய்ச் சேர வேண்டிய ஐ.பி. முகவரி எழுதியிருக்கும். ரவுட்டர் அதைப் படித்து, தன்னிடம் உள்ள ரூட்டிங் டேபிளில் தேடும். 'இந்த முகவரித் தொகுதி என்றால் இந்தப் பக்கம்' என்பதுதான் டேபிளில் உள்ள ஒவ்வொரு வரியும். இரண்டு மூன்று வரிகள் பொருந்தினால், எது சிறிய தொகுதியைக் குறிக்கிறதோ அதற்கே மதிப்பு. எதுவுமே பொருந்தாவிட்டால், 'மற்றதெல்லாம் இந்தப் பக்கம்' என்று சொல்லும் டீஃபால்ட் ரூட் வழியே தள்ளிவிடும். அதுவும் இல்லையென்றால் பாக்கெட் குப்பைக்குத்தான். முழுப் பாதையும் எந்த ரவுட்டருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரிந்தால் போதும். டேபிளில் தவறு நேர்ந்து பாக்கெட் இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் டி.டி.எல். என்றொரு எண். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யத்துக்கு வந்ததும் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும்.

சரி, வீட்டு ரவுட்டரின் டேபிளில் எத்தனை வரி இருக்கும்? பெரும்பாலும் இரண்டுதான் உருப்படியானவை. வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் இந்தப் பக்கம், மிச்ச உலகம் முழுக்க இணைய நிறுவனத்தின் பக்கம். ரூட்டிங் புரோட்டோகால் என்பது ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசி, இந்த டேபிளைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் முறை. ஒரு வழி அறுந்தால் வேறு வழிக்குத் தாங்களே மாறவும் அதுதான் உதவுகிறது. அதற்குப் பேச எதிரே ஒரு ரவுட்டர் வேண்டும், தேர்ந்தெடுக்க இரண்டு வழியாவது வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே வழி. இணைய நிறுவனத்தின் ரவுட்டரும் வீட்டு இணைப்போடு ஓ.எஸ்.பி.எஃப். பேச வராது. அந்தப் பணத்தை, சாஃப்ட்வேர் அப்டேட் பல ஆண்டுகளுக்கு வரும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லும் மாடலுக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் இணைப்பு 300 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 300 மெகாபிட்). 'ஏசி1200' என்று போட்ட ரவுட்டர் வாங்கினேன். கேபிளில் நேராக மாட்டிப் பார்த்தாலும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பாதி ஏமாற்று, பாதி விளம்பர வழக்கம். 1200 என்பது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் ஏட்டளவில் கிடைக்கும் உச்ச வேகங்களைக் கூட்டிய எண்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, அப்புறம் கொஞ்சம் மேலே ஏற்றிச் சொன்னது. 'ஏஎக்ஸ்3000' என்பதும் இப்படித்தான், 574-உம் 2402-உம். இணைய நிறுவனத்தின் கேபிள் வந்து சேரும் வேன் (WAN) போர்ட்டைப் பற்றி இந்த எண் ஒன்றுமே சொல்லாது. அந்த போர்ட் 100 எம்.பி.பி.எஸ். ரகமாக இருந்தால், ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் முகவரி போன்றவற்றை எழுத ஆகும் இடம் போக 94, 95-தான் கையில் கிடைக்கும். உங்கள் அளவு அச்சு அசலாக அதைத்தான் காட்டுகிறது.

ஆனால் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஜிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) வேகத்துக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு நான்கே போதும். ஒரு கம்பி விட்டிருந்தாலும் ஜிகாபிட் போர்ட் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு மூன்று கிளைகள். மூன்றுக்கும் இடையே முக்கோணமாக லைன் போட்டிருக்கிறோம். ஒரு லைன் அறுந்தபோது, சுற்றுவழி இருந்தும் அரை நாள் வேலை நின்றுபோனது. சர்வீஸ்காரர் எல்லாம் ஸ்டாட்டிக் ரூட் என்கிறார். ரிப் உள்ள புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார் ஒருவர், ஓ.எஸ்.பி.எஃப். என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

பதில்: முதலில் எதையும் வாங்காதீர்கள். இப்போது இருக்கும் ரவுட்டர்களிலேயே ஓ.எஸ்.பி.எஃப். இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அலுவலக ரக ரவுட்டர்கள் பலவற்றில் அது இருக்கும், யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள்.

ஸ்டாட்டிக் ரூட் என்பது மனிதர் கையால் எழுதிய வரி. ரவுட்டரின் போர்ட்டே செத்துவிட்டால் அந்த வரி தானாக நீங்கும். லைன் நடுவில் எங்கோ அறுந்து, இந்த முனையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. இல்லாத வழியில் பாக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ரிப் பழையது, 1988-இல் தரமாக எழுதப்பட்டது. ஒவ்வொரு ரவுட்டரும் 30 விநாடிக்கு ஒருமுறை தன் டேபிளைப் பக்கத்து ரவுட்டர்களுக்குச் சொல்லும். தூரத்தை அது அளப்பது, நடுவே எத்தனை ரவுட்டர் என்ற எண்ணிக்கையில் மட்டும். 15 வரை போகலாம், 16 என்றால் 'போக முடியாது' என்று பொருள். சிக்கல் என்னவென்றால், நேரடியாக ஒரு மட்டமான லைனும், இன்னொரு கிளை வழியாக இரண்டு நல்ல லைன்களும் இருந்தால், ரிப் மட்டமானதையே பிடித்துக்கொள்ளும். முக்கோணத்தில் இது அடிக்கடி நேரும். பக்கத்து ரவுட்டர் பேச்சை நிறுத்தினால், அதன் வழியை 180 விநாடிக்குப் பிறகுதான் செத்ததாக எண்ணும். அரை நாளுக்கு மூன்று நிமிடம் எவ்வளவோ மேல்தான், ஆனால் இதற்காகக் காசு கொடுத்துப் புதுப்பெட்டி வாங்குவதில் பொருளில்லை.

ஓ.எஸ்.பி.எஃப். வேறு மாதிரி. ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோடு சேர்ந்த லைன்களின் நிலையை எல்லா ரவுட்டர்களுக்கும் சொல்லிவிடும். எல்லாரிடமும் ஒரே வரைபடம் சேர்ந்துவிடும். அதில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணக்கு முறைப்படி, ஒவ்வொன்றும் தனக்கான மலிவான வழியைத் தானே போட்டுக்கொள்ளும். லைனின் வேகம் கூடக் கூட அதன் 'செலவு' குறைவு. வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ போகும். 40 விநாடி பதில் இல்லையென்றால் அந்தப் பக்கம் செத்ததாகக் கொண்டு வழியை மாற்றும். இதை இன்னும் குறைத்துக்கொள்ளவும் முடியும். பெரிய வலையமைப்பை 'ஏரியா' என்ற பகுதிகளாகப் பிரித்து வைக்கவும் இதில் வழி உண்டு; மூன்று கிளைக்கு ஒரே ஏரியா போதும். ஏரியாக்களாகப் பிரித்துப் படம் வரைந்து காட்டுகிறவரிடம், ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் சர்வீஸ்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? அந்த எண்ணை லைனின் வேகத்தால் வகுத்துத்தான் செலவு கணக்கிடப்படுகிறது; செலவு ஒன்றுக்குக் கீழே போகாது. பல கருவிகளில் அது 100 எம்.பி.பி.எஸ். என்றே வரும். அப்படியே விட்டால் 100 லைனுக்கும் செலவு 1, ஜிகாபிட் லைனுக்கும் செலவு 1. வேகமான லைன் வாங்கியும் ரவுட்டர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்று ரவுட்டரிலும் ஒரே அளவாக உயர்த்தி வைக்க வேண்டும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஓ.எஸ்.பி.எஃப். பொதுத் தரம் என்பதால் வெவ்வேறு நிறுவனக் கருவிகளைக் கலந்தும் வைக்கலாம். இ.ஐ.ஜி.ஆர்.பி. என்று யாராவது சொன்னால், அது சிஸ்கோ என்ற ரவுட்டர் நிறுவனத்தின் சொந்த முறை. 2016-இல் அதன் விவரங்கள் பொதுவில் வெளியிடப்பட்டன. இருந்தும் பிற நிறுவனங்களின் பெட்டிகளில் அதைக் காண்பது அரிது. அப்புறம், சில மாடல்களில் ஓ.எஸ்.பி.எஃப். தனி லைசென்ஸாக விற்கப்படுகிறது. விலைப்பட்டியலில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு இணைய இணைப்புகளை மாட்டக்கூடிய ரவுட்டர் வாங்கினால் பதிவிறக்கம் இரட்டிப்பு வேகத்தில் வருமா?

பதில்: ஒரே கோப்பு என்றால் பொதுவாக வராது, ஒரு தொடர்பின் பாக்கெட்டுகள் ஒரே வழியில்தான் போகும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் சுமை பிரியும். ஒன்று நின்றால் மற்றது தாங்கும், அதற்காக வாங்கலாம்.

கேள்வி: பெரிய நிறுவனம் கழித்துவிட்ட ரவுட்டர் மலிவாக வருகிறது. 'பி.ஜி.பி. முழு டேபிளும் தாங்கும்' என்கிறார் விற்பவர். கற்றுக்கொள்ள வாங்கலாமா?

பதில்: அந்த வாக்கியம் எந்த ஆண்டில் உண்மையாக இருந்தது என்று கேளுங்கள். பி.ஜி.பி. என்பது இணைய நிறுவனங்கள், பெரிய வலையமைப்புகள் தங்களுக்குள் 'இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்' என்று அறிவித்துக்கொள்ளும் முறை. உலகம் முழுவதற்குமான அந்த டேபிள் வளர்ந்துகொண்டே போகிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அது 5 லட்சத்து 12 ஆயிரம் வரிகளைத் தொட்டபோது, அவ்வளவுக்கே இடம் வைத்திருந்த பழைய ரவுட்டர்கள் திணறி, பல இடங்களில் இணையம் தடுமாறியது. இன்று ஐ.பி. நான்காம் பதிப்புக்கு மட்டுமே 9 லட்சத்துக்கு மேல். தவிர, அந்த டேபிளை உங்களுக்கு யார் தருவார்கள்? சொந்த ஏ.எஸ். எண்ணும் (ஒரு வலையமைப்பை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்) முகவரித் தொகுதியும் இல்லாதவரோடு இணைய நிறுவனங்கள் பொதுவாக பி.ஜி.பி. பேசுவதில்லை. அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கப் போட்ட ஒரு வரி வெளியே கசிந்தது. அது யூடியூப் அறிவித்ததைவிடச் சிறிய தொகுதி. சிறியதற்கே மதிப்பு என்று மேலே பார்த்தோமே, அதன்படி உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் அந்தப் பக்கம் திரும்பின.

கற்பதற்கு எஃப்.ஆர்.ஆர். என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே கணினியில் நாலைந்து மெய்நிகர் ரவுட்டர்களை ஓட்டி, லைனை அறுத்து, மறுபடி ஒட்டிப் பார்க்கலாம். இரைச்சலும் மின்கட்டணமும் மிச்சம்.

கேள்வி: இணைய நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் என் ரவுட்டரை மாட்டினேன். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை. வேறு ரவுட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: உங்கள் ரவுட்டரின் வேன் முகவரியை, அதாவது அதன் வேன் போர்ட்டுக்குக் கிடைத்திருக்கும் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு பெட்டியும், வீட்டுக் கருவிகளின் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலையைச் செய்கின்றன. ஒன்றை நிறுத்த வேண்டும்: நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்களுடையதை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை மட்டும் தரும் நிலை) போட்டு, வெளியிலிருந்து கேமராவுக்கு வழி விடும் 'போர்ட் திறப்பதை' அவர்கள் பெட்டியில் செய்யுங்கள். அவர்கள் பெட்டியின் வேன் முகவரியே 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால், நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியில் வைத்திருக்கிறது. எந்த ரவுட்டர் வாங்கினாலும் அது தீராது. தனிப் பொது முகவரி தருவார்களா, அதற்கு எவ்வளவு என்று நிறுவனத்திடமே கேட்க வேண்டும்.